பிறர் கதைக்கு வரைந்த படங்களை என் படைப்பு என்று சொல்லலாமா?

கேள்வி: எனக்கு 62 வயது. முப்பது வருடத்துக்கும் மேலாகப் பத்திரிகைக் கதைகளுக்கும் பாடப்புத்தகங்களுக்கும் நாவல் அட்டைகளுக்கும் படம் வரைந்திருக்கிறேன். நடுவில் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோதும், அப்புறம் மாமியார் படுக்கையில் விழுந்தபோதும் என்று பத்து வருடம் தூரிகையைத் தொடவே இல்லை. இப்போது ஓவியம் படிக்கும் மாணவர்கள் சிலர் ஒரு கூட்டம் ஏற்பாடு செய்து, 'என் படைப்புகளும் இனி என் கனவுகளும்' என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் ஒரு வரி ஓடவில்லை. நான் வரைந்தது எல்லாமே யாரோ எழுதியதற்கு, யாரோ சொன்ன அளவில், யாரோ கொடுத்த கெடுவுக்குள் வரைந்தது. எனக்கென்று வரைந்ததை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். என்னோடு ஆரம்பித்தவர்கள் கண்காட்சி, விருது என்று எங்கோ போய்விட்டார்கள். கனவைப் பற்றிச் சொல்ல மட்டும் என்ன இருக்கிறது? வலது கை நடுங்க ஆரம்பித்திருக்கிறது, மெல்லிய கோடு நிற்பதில்லை. பரண் மேல் இரண்டு பெட்டி நிறைய அசல் படங்கள் கிடக்கின்றன. நான் போன பிறகு பிள்ளைகளுக்கு இது பாரம்தானே, இப்போதே எரித்துவிட்டால் என்ன என்று தோன்றுகிறது. வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

பதில்:

அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளிலிருந்து தொடங்குகிறேன், படித்ததும் எனக்குக் கவலை தந்தது அவைதான். கூட்டம் முடியும்வரை, அதற்கப்புறமும் சில மாதங்கள் போகும்வரை, அந்தப் பெட்டிகளிலிருந்து ஒரு தாளைக்கூட எரிக்க வேண்டாம். படங்களை நினைத்து மட்டும் இதைச் சொல்லவில்லை. மனநல ஆலோசகர் என்ற முறையில் உங்களிடம் நேராகவே ஒன்றைக் கேட்டாக வேண்டும்: அழித்துவிடத் தோன்றுவது படங்களை மட்டும்தானா? தூக்கம் எப்படி இருக்கிறது, பசி எடுக்கிறதா, முன்பு பிடித்தவை இப்போதும் பிடிக்கின்றனவா, காலையில் கண் விழிக்கும்போதே 'நான் எதற்கு இருக்கிறேன்' என்ற நினைப்பு வருகிறதா? இப்படிப்பட்டவை இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாகத் தினமும் தொடர்ந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு கணம் வந்துபோயிருந்தால்கூட, இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு மருத்துவரிடம் போங்கள். அதைக் கேட்டு யாரும் சிரிக்க மாட்டார்கள். அப்படியெல்லாம் எதுவும் இல்லை, கூட்டத்தை நினைத்து வந்த அலுப்புதான் என்றால் நல்லது, மேலே படியுங்கள்.

திரும்பிப் பார்ப்பது உங்கள் வயதில் எல்லோருக்கும் வரும். ஒரு காலத்தில் மருத்துவர்களே, வயதானவர்கள் பழசை நினைத்துக்கொண்டிருப்பது மூளை தளர்வதன் அறிகுறி என்று ஒதுக்கினார்கள். 1963-ல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் அதை மறுத்து ஒரு கட்டுரை எழுதினார். இனி இருக்கும் காலம் குறைவு என்று தெரிய வரும்போது மனம் தானாகவே வாழ்க்கையைப் புரட்டிப் பார்க்கிறது, தீராமல் விட்டதையெல்லாம் மறுபடி வெளியே எடுக்கிறது, இது இயல்பானது என்றார். இப்படிப் புரட்டுவது எல்லோருக்கும் நல்லபடி முடிவதில்லை என்றும் அவரே எழுதினார். சிலர் தெளிந்து வெளியே வருகிறார்கள், சிலர் ஏமாற்றத்திலும் குற்ற உணர்விலும் சிக்கிக்கொள்கிறார்கள்.

யார் சிக்கிக்கொள்கிறார்கள்? என்னிடம் வரும் எழுத்தாளர்கள், இசைக் கலைஞர்கள், ஓவியர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: படைப்பு பெட்டியில் பூட்டிக் கிடக்கும், அதைப் பற்றிய தீர்ப்பு மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் கடிதத்தை மறுபடி படித்துப் பாருங்கள். முப்பது வருட வேலையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஒரே ஒரு படத்தைப் பற்றிக்கூட அதில் பேச்சில்லை. என்ன வரைந்தீர்கள், எந்த முகம், எந்தக் காட்சி, எதற்கு ராத்திரி முழுக்க உட்கார்ந்தீர்கள், எது அச்சில் வந்ததும் சந்தோஷமாக இருந்தது, ஒன்றுமே இல்லை. இருப்பதெல்லாம் மொத்தமாக ஒரு கூட்டுத்தொகை, அதுவும் சைபர் என்று. பேச்சு எழுத வராததற்குக் காரணம் உங்களிடம் விஷயம் இல்லாதது என்று நான் நினைக்கவில்லை. விஷயம் பரண் மேல் இருக்கிறது, நீங்கள் கீழே உட்கார்ந்து எழுதுகிறீர்கள்.

நினைவை நம்பி இந்தக் கணக்கைப் போட முடியாது, நினைவு அவ்வளவு நேர்மையான கணக்கப்பிள்ளை இல்லை. நடுவயது தாண்டியவர்களிடம் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால், சுமாராகப் பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரை நடந்தவைதான் மற்ற வருடங்களைவிட அதிகமாக நினைவுக்கு வருகின்றன என்பது பல ஆய்வுகளில் மறுபடி மறுபடி தெரிந்த விஷயம். அதாவது நீங்கள் கற்றுக்கொண்டிருந்த காலமும் ஆசைப்பட்ட காலமும் பளிச்சென்று இருக்கும், கை நன்றாகப் படிந்து வேலை செய்த நாற்பதுகளும் ஐம்பதுகளும் மங்கலாக இருக்கும். இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் என்ற உளவியலாளர்கள் வருத்தத்தைப் பற்றி ஆராய்ந்து 1990-களில் எழுதினார்கள். சமீபத்தில் நடந்ததை நினைக்கும்போது செய்த தவறுகள் உறுத்துகின்றன, வாழ்க்கை முழுவதையும் நினைக்கும்போது செய்யாமல் விட்டவை உறுத்துகின்றன என்பது அவர்கள் கண்டது. நடக்காத கண்காட்சி நடந்ததாக நினைத்துப் பார்க்கையில் எப்போதும் சிறப்பாகத்தான் இருக்கும், ஏனென்றால் அங்கே விளக்கு அணையவில்லை, யாரும் வராமல் போகவில்லை, படச்சட்டம் கோணவில்லை. செய்து முடித்த வேலைக்கோ எல்லாக் குறையும் இருக்கும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் செய்த வேலை தோற்றுத்தான் போகும்.

அதனால் முதல் காரியம், பெட்டிகளைக் கீழே இறக்குங்கள். நீங்கள் ஏற வேண்டாம், உங்களைக் கூப்பிட்ட மாணவர்களில் இரண்டு பேரை வரச் சொல்லுங்கள், ஓடி வருவார்கள். நாள் கணக்கில் ஆகும், ஆகட்டும். வருடவாரியாகப் பிரித்துத் தரையில் விரியுங்கள். அப்போதைக்கு எது நல்லது, எது மோசம் என்று பிரிக்க வேண்டாம். பார்த்துக்கொண்டே போகும்போது மூன்று விஷயங்களுக்கு மட்டும் ஒரு நோட்டில் குறிப்பு எழுதுங்கள்: கதையில் எழுதாத ஒன்றை நீங்களாகச் சேர்த்து வரைந்த இடங்கள், உங்களுக்கே தெரியாமல் திரும்பத் திரும்ப வந்திருக்கும் உருவங்கள், இப்போது மறுபடி வரைந்தால் வேறு மாதிரி வரைவேன் என்று கை பரபரக்கும் படங்கள். முதல் இரண்டும் உங்கள் முதல் கேள்விக்குப் பதில். மூன்றாவது கனவைப் பற்றிய கேள்விக்கு. மாணவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்கட்டும், பேச்சைக் கைபேசியில் பதிவு செய்யட்டும். நீங்கள் எழுத முடியாமல் திணறும் பேச்சு அங்கே தானாக வந்திருக்கும்.

இப்போது அந்த முதல் கேள்வி. யாரோ எழுதியதற்கு வரைந்தது என் படைப்பாகுமா?

ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலை ஓவியத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. சுமார் 1831-ல் வந்தது. அது தன் மனதுக்காக வரைந்து வைத்துக்கொண்ட படம் இல்லை. ஒரு பதிப்பாளர் விற்பனைக்காக வெளியிட்ட வரிசையில் ஒன்று. அவர் வரைந்து கொடுத்தார், மரத்தில் செதுக்கியவர் வேறு, வண்ணம் பூசித் தாளில் அச்சிட்டவர் வேறு. அதற்கு முன்பு பல வருடங்கள் அவர் நாவல்களுக்குப் படம் போட்டவர். அவருக்கும் அளவு உண்டு, கெடு உண்டு, பதிப்பாளரின் விருப்பு வெறுப்பு உண்டு. நம் பக்கம் வந்தால், 1950 முதல் 1954 வரை கல்கியில் பொன்னியின் செல்வன் தொடராக வந்தபோது மணியம் வரைந்த வந்தியத்தேவனும் குந்தவையும் நந்தினியும்தான் அந்தக் கதாபாத்திரங்களின் முகம் என்று எத்தனையோ வாசகர்கள் மனதில் பதிந்துபோயிற்று. எழுத்தில் கொண்டை என்று இருந்தால் எந்தக் கொண்டை, எவ்வளவு சாய்வு, கண் எங்கே பார்க்கிறது என்று முடிவு செய்தது வரைந்த கை. அந்த முடிவு ஒவ்வொன்றும் அவருடைய படைப்பு.

இன்னொருவரைச் சொல்ல வேண்டும், ஓவியர் இல்லை, ஆனால் உங்கள் கேள்விக்கு இவரைவிடப் பொருத்தமாக யாரும் எனக்குத் தோன்றவில்லை. உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணி, 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு என்று வரிசையாகப் பதிப்பித்தார். அந்த மூலங்களில் ஒரு வரிகூட அவர் எழுதியதில்லை. எல்லாம் பிறர் பாடியது, பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பாடியது. ஏடு ஏடாகத் தேடி, ஏட்டுக்கு ஏடு மாறும் பாடபேதம் பார்த்து, எது சரி என்று முடிவு செய்து, குறிப்பு எழுதி அச்சேற்றியது மட்டும் அவர். அதை யாராவது அவருடைய வாழ்நாள் வேலை இல்லை என்று சொல்வார்களா? இதே மனிதர் 1940-ல், எண்பத்தைந்தை நெருங்கும் வயதில், ஆனந்த விகடனில் தன் வாழ்க்கையைத் தொடராக எழுத ஆரம்பித்தார். 1942-ல் இறக்கும்வரை எழுதியும் அது முடியவில்லை. அந்த எழுத்தில் தன் பெருமையைத் தேடினால் கிடைக்காது. ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும், ஏடு தேடிப் போன ஊர்களும், உதவியவர்களும்தான் பக்கம் பக்கமாக வருகிறார்கள். எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை என்கிறீர்களே, அந்த முறையைப் பின்பற்றலாம். உங்களுக்குக் கோடு பழக்கியவர் யார், எந்த எழுத்தாளர் வரைய எளிது, யார் கதைக்கு வரைவது பாடாகப் படுத்தியது, எந்தப் பொறுப்பாசிரியர் படத்தைத் திருப்பி அனுப்பி நல்லது செய்தார், இதையெல்லாம் சொல்லுங்கள். உங்களைப் பற்றிச் சொல்லக் கூசினாலும் வேலையைப் பற்றிச் சொல்லக் கூசாது.

அதே சமயம், 'எனக்கென்று வரைந்தது குறைவு' என்ற உங்கள் வருத்தத்தை நான் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. அது பொய்யான வருத்தம் இல்லை. பிறர் கேட்டதை நன்றாகச் செய்துகொடுப்பதில் பழகியவர்களுக்கு யாரும் கேட்காதபோது என்ன செய்வது என்று தெரியாமல் போகும், இது ஓவியர்களுக்கு மட்டும் இல்லை, திரைக்கு இசையமைத்தவர்கள், பிறர் பேருக்கு எழுதிக்கொடுத்தவர்கள் எல்லோருக்கும் நடப்பதுதான். அந்த வருத்தத்தைக் கூட்டத்தில் அப்படியே சொல்லலாம். ஆனால் அதை வைத்துச் செய்து முடித்த வேலைக்கு மதிப்பெண் போடாதீர்கள். இனிமேல் என்ன என்ற கேள்விக்குத்தான் அது பயன்படும்.

பத்து வருட இடைவெளிக்கு வருவோம். லூயிஸ் பூர்ஷ்வா என்ற சிற்பி 1953-ல் தனிக் கண்காட்சி வைத்தவர், அடுத்ததை 1964-ல்தான் வைத்தார். நடுவில் தந்தை இறந்த துயரம், மன அழுத்தம், நீண்ட உளப்பகுப்பாய்வு சிகிச்சை, வீட்டில் மூன்று பிள்ளைகள். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய வாழ்நாள் படைப்புகளை மொத்தமாகக் காட்சிக்கு வைத்தது 1982-ல், அப்போது அவருக்கு எழுபது வயது. அவர் பேரைச் சொன்னதும் நினைவுக்கு வரும் அந்தப் பிரம்மாண்டமான சிலந்தி 1999-ல் செய்தது, எண்பத்தேழு வயதில். நீங்களும் எண்பத்தேழில் இப்படி ஏதாவது செய்துவிடுவீர்கள் என்று ஆறுதல் சொல்ல இதை எடுத்துக்காட்டவில்லை. அப்படி வாக்குக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை, பூர்ஷ்வா போலத் திரும்பி வர வாய்க்காதவர்கள் எண்ணற்றவர்கள். நான் சொல்ல வருவது, அந்தப் பதினோரு வருடம் அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் மறைக்கப்படவில்லை என்பது. அதைத் தெரிந்துகொண்டுதான் அவருடைய பிற்காலச் சிற்பங்களைப் பார்க்கிறார்கள்.

உங்கள் பத்து வருடத்தையும் அப்படியே சொல்லுங்கள். தியாகம் என்று பெரிதாக்கவும் வேண்டாம், 'சும்மா இருந்தேன்' என்று சுருக்கவும் வேண்டாம். எத்தனை பேருக்கு நடுவில், என்ன வேலை செய்துகொண்டு, எதனால் வரைய முடியாமல் போனது, திரும்ப ஆரம்பித்தபோது முதல் கோடு எப்படி இருந்தது, பழைய தொடர்புகள் விட்டுப்போனபின் வேலை எப்படிக் கிடைத்தது. எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்களில் சிலருக்கும், பையன்களில் சிலருக்கும், இதே இடைவெளி வரப்போகிறது. விருது வாங்கியவர்களிடம் இந்தத் தகவல் கிடைக்காது. விட்டுப்போன கை எத்தனை நாளில் திரும்ப வந்தது, எதை வரைந்து பழகியதில் வந்தது என்பது அவர்களுக்கு உங்களால் மட்டுமே சொல்லக்கூடிய விஷயம்.

கூட ஆரம்பித்தவர்கள் எங்கோ போய்விட்டார்கள் என்பதைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. பொறாமை வந்தால் வரட்டும், அது குற்றமில்லை. எதைப் பார்த்து வருகிறது என்று மட்டும் கவனியுங்கள். விருதைப் பார்த்து வருகிறதா, அவர்கள் வரைந்த ஏதோ ஒரு குறிப்பிட்ட படத்தைப் பார்த்து வருகிறதா? படம் என்றால் அதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், நீங்கள் என்ன வரைய ஆசைப்படுகிறீர்கள் என்பதற்கு அது நல்ல குறிப்பு.

இனி கனவு. மேலே சொன்ன ஹொகுசாய் 1834-ல் வெளியிட்ட ஒரு படத்தொகுப்பின் பின்னுரையில் தன் எதிர்காலத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அதன் சாரம் இது: ஆறு வயதிலிருந்து வரைகிறேன், எழுபதுக்கு முன் வரைந்தது எதுவும் பொருட்டில்லை, எழுபத்து மூன்றில்தான் விலங்கு, பறவை, பூச்சி, மீன், செடிகொடி இவற்றின் அமைப்பு கொஞ்சம் பிடிபட்டது, எண்பதுகளில் இன்னும் முன்னேறுவேன், தொண்ணூறில் பொருள்களின் உள்மர்மம் தெரியும், நூறில் அற்புத நிலையை எட்டுவேன், நூற்றுப் பத்தில் நான் வைக்கும் ஒவ்வொரு புள்ளியும் கோடும் உயிரோடு இருக்கும். 1849-ல் தொண்ணூறை ஒட்டிய வயதில் காலமானார். எழுபதுக்கு முன் செய்தது பொருட்டில்லை என்ற பகுதியை நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டாம், அந்த வேலையை ஏற்கனவே நன்றாகச் செய்துகொண்டிருக்கிறீர்கள். ஆனால் அவர் எதிர்பார்த்தது என்ன என்று பாருங்கள். புகழ் இல்லை, பணம் இல்லை, எந்தச் சபையிலும் இடம் இல்லை. பூச்சியின் அமைப்பு, மீனின் அமைப்பு, ஒரு கோடு எப்படி இருக்க வேண்டும் என்பது. எல்லாம் அவர் மேசையிலேயே நடக்கக்கூடியவை, நடந்ததா இல்லையா என்று அவரே தெரிந்துகொள்ளக்கூடியவை.

'கனவு' என்ற தலைப்பைப் பார்த்ததும் பலருக்கும் தோன்றுவது பெயர் நிலைக்க வேண்டும், மதிக்கப்பட வேண்டும், பெரிதாக ஒன்று முடிக்க வேண்டும் என்பவை. அவற்றில் தப்பில்லை, எனக்கும் என் வேலையைப் பற்றி அப்படிப்பட்ட ஆசைகள் உண்டு. ஆனால் அவை மற்றவர் கையில் இருப்பதால் அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு காலைப் பொழுதைக்கூட ஓட்ட முடியாது. உங்கள் நோட்டில் மூன்றாவதாக எழுதச் சொன்னேனே, மறுபடி வரைந்தால் வேறு மாதிரி வரைவேன் என்ற படங்கள், அவற்றைப் பாருங்கள். அதில் ஐந்தாறு தேறினாலே அடுத்த இரண்டு வருட வேலை அங்கே இருக்கிறது. இளவயதில் வரைந்த ஒரு தாயின் முகத்தை, தாயாகவும் மருமகளாகவும் அத்தனை பார்த்தபின் இப்போது வரைந்தால் என்ன ஆகும்? யாரும் கேட்காத படம், ஆனால் முழுக்க வெறும் தாளிலிருந்து தொடங்கும் படமும் இல்லை. கேட்டதை வரைந்தே பழகிய கைக்கு இப்படி ஒரு பிடி வேண்டும்.

இன்னொரு விதத்திலும் கனவு வரும், வெளியிலிருந்து. இசையமைப்பாளர் பிராம்ஸ் 1890-ல், ஐம்பத்தேழு வயதில், இனிமேல் எழுதப்போவதில்லை என்று முடிவு செய்தார். அடுத்த வருடம் மியூல்ஃபெல்ட் என்ற கிளாரினெட் கலைஞரின் வாசிப்பைக் கேட்டார். அந்த வாசிப்புக்காகவே 1891-ல் இரண்டு படைப்புகள், 1894-ல் இன்னும் இரண்டு எழுதினார், அவர் எழுதியவற்றிலேயே மிகவும் நேசிக்கப்படுபவற்றில் அவையும் சேர்ந்தன. நன்றாக வாசிக்கும் ஒரு மனிதர் எதிர்ப்பட்டார், அவ்வளவுதான். உங்களுக்கு எதிரே ஒரு கூட்டம் இளைஞர்கள் வந்து உட்காரப் போகிறார்கள். அவர்களிடம் பேசுவதோடு நிறுத்தாமல் அவர்கள் வரைந்ததையும் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள்.

கை நடுக்கம். இதைக் கனவு, நம்பிக்கை என்று எந்தப் பேச்சோடும் கலக்க வேண்டாம், முதலில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். கையைப் பயன்படுத்தும்போது வரும் நடுக்கத்துக்கும் கை சும்மா இருக்கும்போது வரும் நடுக்கத்துக்கும் காரணங்கள் பெரும்பாலும் வேறு. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் நடுக்கம் வரும், ஆஸ்துமாவுக்கு எடுக்கும் சில மருந்துகளாலும் வரும். சில வகை மருந்தில் நன்றாகக் குறையும், சிலவற்றைக் கட்டுப்பாட்டில் வைக்கலாம். பார்க்காமலே 'வயசாகிவிட்டது' என்று முடிவு கட்டுவதுதான் மோசம். போகும்போது ஒரு தாளில் சுருள் வரைந்து எடுத்துப் போங்கள், பழைய கோடு ஒன்றையும் எடுத்துப் போங்கள், வித்தியாசம் மருத்துவருக்குப் புரியும். அதுவரை முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, கொஞ்சம் கனமான பேனாவால் வரைந்து பாருங்கள், சிலருக்கு உதவுகிறது.

மெல்லிய கோடு திரும்ப வராமலே போனால்? அது பெரிய இழப்பு, ஆறுதல் சொல்லி அதைச் சின்னதாக்க மாட்டேன். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1941-ல் பெரிய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டபின் நின்றுகொண்டு வரைவது முடியாமல் போயிற்று. உதவியாளர்கள் தாள்களில் வண்ணம் பூசிக் கொடுக்க, கட்டிலிலும் சக்கர நாற்காலியிலும் உட்கார்ந்தபடி கத்தரிக்கோலால் உருவங்களை வெட்டி ஒட்ட வைத்தார், 1954-ல் இறக்கும்வரை அதையே பெரிய அளவில் செய்தார். இதில் எல்லோரும் அவருடைய மன உறுதியைப் பேசுவார்கள், எனக்குப் படுவது அந்த உதவியாளர்கள். வேலையின் ஒரு பகுதியைப் பிறர் கையில் கொடுக்க அவர் சம்மதித்தார். முப்பது வருடம் எழுத்தாளரோடும் அச்சகத்தோடும் சேர்ந்தே வேலை செய்த உங்களுக்கு அது புதிதாக இருக்காது என்று நினைக்கிறேன்.

அப்புறம் அந்தப் பெட்டிகள். கலைஞர்கள் தங்கள் படைப்பை அழிப்பது ஒன்றும் புதிதில்லை. பிரெஞ்சு ஓவியர் மோனே 1908-ல் ஒரு கண்காட்சிக்கு முன் தன் அல்லிக்குள ஓவியங்களில் பலவற்றைத் தானே சிதைத்தார், பிராம்ஸும் இளவயதுப் படைப்புகள் பலவற்றை அழித்தவர். ஆனால் அவர்கள் ஒவ்வொன்றையும் பார்த்து, இது தேறாது என்று தீர்மானித்து அழித்தார்கள். நீங்கள் சொல்வது பெட்டியைத் திறக்காமலே எரிப்பது. எல்லாவற்றையும் பார்த்து முடித்தபின், மனம் தெளிவாக இருக்கும் ஒரு சமயத்தில், சிலவற்றை வேண்டாம் என்று ஒதுக்கினால் அதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பிள்ளைகளுக்குப் பாரம் என்கிறீர்கள். பாரமாவது பெரும்பாலும் என்ன ஏது என்று தெரியாத குவியல். ஒவ்வொரு படத்தின் பின்பக்கமும் மூலையில் மென்மையான பென்சிலால் வருடம், எந்தக் கதை, எங்கே வந்தது என்று எழுதுங்கள், பால்பாயின்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் தெரியும். செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தால் பிரித்துவிடுங்கள், அந்தத் தாளின் அமிலம் படத்தையும் பழுப்பாக்கும். செல்லோ டேப் ஒட்டியிருந்தால் நீங்களாக உரிக்க வேண்டாம். அமிலமில்லாத தாளை இடையில் வைத்து, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் படுக்கையாக அடுக்குங்கள். பரண் நல்ல இடம் இல்லை, அங்கே சூடு அதிகம். மாணவர்கள் 300 டிபிஐக்கு (ஸ்கேனின் நுணுக்க அளவு) குறையாமல் ஸ்கேன் செய்து தரட்டும், அதை மூன்று பிரதிகளாக, ஒன்றாவது வேறு வீட்டில் இருக்கும்படி வையுங்கள். அசல் தாள் உங்களிடம் இருப்பதும் அதை மறுபடி வெளியிடும் உரிமை உங்களுக்கு இருப்பதும் ஒன்றல்ல, பழைய ஒப்பந்தக் கடிதம் ஏதாவது இருந்தால் தேடி எடுத்து அந்தப் படங்களோடு சேர்த்து வையுங்கள். பதிப்புரிமை படைத்தவர் இறந்து குறைந்தது ஐம்பது வருடம் நீடிக்கும் என்பது பெர்ன் உடன்படிக்கை என்ற சர்வதேசப் பதிப்புரிமை ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளுக்கான பொது விதி, பல நாடுகளில் அறுபது, எழுபது வருடம். அதனால் யார் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பக்கத்தில் பிள்ளைகளுக்கு எழுதி வையுங்கள். அதற்குமேல் அவர்கள் வைத்துக்கொள்வதும் ஒரு நூலகத்துக்குக் கொடுப்பதும் அவர்கள் விருப்பம் என்றும் எழுதிவிடுங்கள், அவர்களுக்கும் நிம்மதி.

கூட்டத்தில் பேச்சு எழுதி வாசிக்க வேண்டாம். பன்னிரண்டு படங்களை எடுத்துப் போங்கள். அதில் இரண்டு உங்களுக்குத் திருப்தி தராதவையாக இருக்கட்டும், இடைவெளிக்கு முந்தைய கடைசிப் படமும் பிந்தைய முதல் படமும் கட்டாயம் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு நிமிடம், அது எப்படி வந்தது என்று சொன்னால் போதும். கனவுகள் என்ற பகுதிக்கு, மறுபடி வரையத் தோன்றும் படத்தைக் காட்டி, இதை இப்போது எப்படி வரைவேன் என்று சொல்லுங்கள். கை நடுக்கத்தைப் பற்றி அவர்கள் கேட்டால் மறைக்காதீர்கள், மருத்துவர் சொன்னதைச் சொல்லுங்கள். அதற்குக் கூட்டத்துக்கு முன்பே மருத்துவரைப் பார்த்திருக்க வேண்டும், அந்தச் சந்திப்புக்கு இந்த வாரமே நேரம் வாங்கிவிடுங்கள். பெட்டிகளில் என்ன இருந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.